முந்திரித் தோப்போடு நகரம் முடிந்துவிடவில்லை

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி மூன்று நாள் நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இங்குள்ள மாளிகைமேட்டின் உயரத்தையும் மண் நிறத்தையும் கணினிக்குப் பழக்கி, அதே சாயல் வேறெங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் தேட வைத்திருக்கிறாய். இத்தனை ஆண்டு இந்தப் பக்கம் சுற்றியும் என் கண்ணில் படாத இரண்டு மேடுகளை அது காட்டிவிட்டது. ஒன்றின்மேல் பானை ஓடும் தட்டையான செங்கல் துண்டும் கிடந்தன. எடுத்துப் பார்த்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் சந்தோஷத்தை முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, 'நகரின் எல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கோட்டில் போய் நின்றேன். அது ஒரு முந்திரித் தோப்பின் விளிம்பு. முந்திரி ஆண்டு முழுவதும் இலை மூடி நிற்கிற மரம். கீழே சருகு கணுக்கால் அளவு கிடக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணே தெரியாது. உள்ளே யாரோ குழி வெட்டியிருந்தார்கள். வெளியே அள்ளிப் போட்ட மண்ணில் ஓடுகள் இருந்தன. உன் வரைபடத்தின் புள்ளிகள் அங்கே நின்றுபோனதற்குக் காரணம் மரநிழல். நீ அதை நகரத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டாய்.

செந்துறைப் பக்கம் நீ குறித்த 'பழைய பெருவழி' சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகிற லாரிப் பாதை. இதை நீ வீட்டிலிருந்தே கண்டுபிடித்திருக்கலாம். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995-இல் பொதுவில் வந்துவிட்டன. இன்றைய கோடு எதுவானாலும் முதலில் அந்தப் படத்தில் தேடு. அங்கே இல்லையென்றால் அதைப் போட்டது பொக்லைன், சோழன் அல்ல.

ஒரே சாயல் என்பதால் ஒரே பொருள் ஆகிவிடாது. 2020-இல் நம் குன்னத்தில் மண் எடுக்கும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்ததும், டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, கடல்வாழ் அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றார்கள். மக்களைக் குறை சொல்லமாட்டேன். 2009-இல் பக்கத்துச் செந்துறையில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் அறிவித்திருந்தார்கள். அந்த நினைவு இருந்த கண்ணுக்கு உருண்டையெல்லாம் முட்டையாகத்தான் தெரியும். நீ பழக்கிய கணினிக்கு இருப்பதும் அப்படியொரு நினைவுதான். மாளிகைமேட்டைக் காட்டிப் பழக்கினாய். அது ஊரெங்கும் மாளிகைமேட்டைத் தேடுகிறது. அந்த மேடு அரண்மனை இருந்த இடம். அகழாய்வில் செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் எல்லாம் வந்தன. மண் சுவரும் கீற்றுக் கூரையுமாக வாழ்ந்தவர்கள் அப்படி மேடு விட்டுப் போயிருப்பார்களா? உன் வரைபடத்தில் நெசவாளரும் குயவரும் உழவரும் எங்கே?

அணைக்கரைக்குப் போயிருக்கிறாயா? 1836-இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எழுப்பிய கோயிலின் மதிலையும் மற்றக் கட்டடங்களையும் பிரித்து வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். சுமார் 250 ஆண்டு சோழர் தலைநகராக இருந்த ஊர் இது. எழுத்து இருந்த கற்கள் அதில் எத்தனை போயினவோ என்று நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. மாளிகைமேட்டுச் செங்கல்லையும் ஊரார் தோண்டி வீடு கட்டிக்கொண்டார்கள். ஆகவே ஓர் இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதும்போது, முதலிலேயே இல்லையா, பிறகு எடுத்துப் போனார்களா என்று கேட்காமல் எழுதாதே. அந்தக் கேள்வியைக் கணினி தானாகக் கேட்காது. நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கணினியை விட்டுவிடு என்று சொல்வதாக நினைக்காதே. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைக் கணினியின் துணையோடு தொகுத்து 1978-இலேயே மூன்று தொகுதிகளாகக் கொடுத்துவிட்டார்கள். கராஷிமா அதற்கு முன்பு திருச்சி வட்டாரத்து அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்து, நிலம் யார் கையில் இருந்தது என்று பார்த்தார். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமை. அல்லூரில் ஊரார் பொதுவில் வைத்திருந்த நிலம். இரண்டே ஊர்தான், தங்கச்சி. ஒவ்வொரு கல்வெட்டையும் வரி வரியாகப் படித்ததால்தான் அந்த வேறுபாடு கண்ணில் பட்டது.

2022-இல் வந்த இத்தாக்கா என்ற நிரலைப் பற்றி நீயே எனக்குச் சொன்னாய். சிதைந்த கிரேக்கக் கல்வெட்டில் விட்டுப்போன எழுத்தை அது தனியாக 62 விழுக்காடு சரியாகச் சொன்னது. வரலாற்றாய்வாளர் தனியாக 25. இருவரும் சேர்ந்தபோது 72. நீ 62-ஐப் பார்த்து வியந்தாய். எனக்கு அந்தப் பத்துதான் பெரிது. கணினி நீட்டிய விடைகளில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் வந்த பத்து அது.

பழைய அறிக்கைகளில் 'அரியலூர் மாவட்டம்' என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படிக் கிடைக்கும்? அப்போது இது திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா. 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் வந்தது. 2001-இல் அரியலூர் தனியானது, மறு ஆண்டே திரும்பச் சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். ஊரின் பெயரையும் தாலுகாவையும் வைத்துத் தேடு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கல்வெட்டுகள் சோழகேரளன் திருமாளிகை என்று ஓர் அரண்மனையைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சோழகங்கம் என்ற பொன்னேரியின் கரை சுமார் 16 மைல் நீளம் என்பார்கள். இந்தப் பெயர்களையும் கரை, மதகு, வாய்க்கால்களையும் முதலில் வரைபடத்தில் ஏற்று. தண்ணீர் போன வழி தெரிந்தால் குடியிருப்பு எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும்.

ஆடி உழவு முடிந்து ஒரு நல்ல மழை விழுந்த மறுநாள் வா. மண் கழுவி ஓடுகள் பளிச்சென்று தெரியும். தோப்புக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன். அவருடைய தாயார் அந்த நிலத்தில் ஒவ்வொரு திடலுக்கும் பெயர் சொல்வார். அதற்குள் வரைபடத்தைத் திருத்தி அனுப்பு. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஒரு நிறம், போகவே முடியாத இடத்துக்கு வேறு நிறம் கொடு. தெற்கே கொள்ளிடக் கரையில் அணைக்கரைக்கும் ஒரு புள்ளி வை. இந்த நகரத்தின் கற்கள் அங்கேயும் இருக்கின்றன.

அன்புடன்,
உன் அண்ணன்