முதல் நோயாளி வருவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் தேய்மானத்துக்கு டேப் ஒட்டும் சிகிச்சை பலன் தருகிறதா என்று உன் முதுகலை ஆய்வேட்டில் பார்க்கப்போகிறாய். உன்னிடம் வருபவர்கள் நன்றாக நடந்து போகிறார்கள், அதை எண்ணில் காட்டிவிட்டால் ஆயிற்று என்றாய். எனக்குக் கவலை அங்கேதான்.

முட்டி வலிக்காரர் எப்போது ஓ.பி.க்கு வருகிறார்? தாங்க முடியாமல் போன வாரத்தில். ஏறி இறங்கும் வலி அது. நீ தொடாவிட்டாலும் பலருக்கு ஆறு வாரத்தில் கொஞ்சம் தணிந்திருக்கும். தினமும் அக்கறையாக விசாரிக்கும் பெண்ணிடம் ‘குறையலம்மா’ என்று சொல்லவும் நம் ஜனங்களுக்கு மனம் வராது. ஆகவே சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. ஒப்பீடு இரண்டு குழுக்களுக்கு இடையே நடக்க வேண்டும்.

ஹூஸ்டனில் ப்ரூஸ் மோஸ்லி குழுவினர் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் படி. முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்கு ஆர்த்ரோஸ்கோப்பி வழியே மூட்டைச் சுத்தம் செய்து சீராக்கினார்கள். சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மீதிப் பேருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தும், கீறித் தைத்தவர்களைவிட மற்றவர்கள் மேலாக இல்லை. அதுவரை அந்த அறுவையை எத்தனையோ பேர் மனதார நம்பிச் செய்துவந்தார்கள். நேரில் பார்த்த முன்னேற்றம்தான் அவர்களை நம்பவைத்தது.

டேப் ஒட்டியிருப்பதை நோயாளியிடமிருந்து நீ மறைக்க முடியாது. ஆனால் மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கக் கோனியோமீட்டர் பிடிப்பவரும் கேள்வித்தாளை நிரப்புபவரும் வேறொருவராக இருக்கட்டும். டேப்பைக் கழற்றிவிட்டு அவரிடம் அனுப்பு. குலுக்கலில் யார் எந்தக் குழு என்பது ஒளி புகாத, ஒட்டிய உறைக்குள் இருக்கட்டும். நொண்டிக்கொண்டு வரும் ஒரு பாட்டியைப் பார்த்ததும் புதுச் சிகிச்சைக் குழுவில் சேர்க்கத் தோன்றும். நல்ல மனசுதான், ஆனால் ஆய்வை அதுவே கெடுத்துவிடும்.

எதை அளப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய். மூட்டுத் தேய்மானத்துக்கான வோமாக் கேள்வித்தாளில் 24 கேள்விகள். காரில் ஏறி இறங்குவது, சாக்ஸ் போடுவது, குளியல் தொட்டிக்குள் இறங்குவது எல்லாம் உண்டு. சம்மணம் போட்டு உட்காருவதும் குத்தவைப்பதும் இல்லை. நம் ஊர்ப் பெண்கள் ‘கீழே உக்கார முடியல’ என்றுதானே வருகிறார்கள்? வோமாக்கை விட்டுவிடாதே, கூடவே இவற்றையும் கேள். எது முதன்மை அளவு என்பதை எழுதி, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடு. 2018 ஏப்ரல் முதல் அங்கே அப்படித்தான் விதி. பிறகு எந்த எண் அழகாக வந்ததோ அதை முன்னால் வைக்க உனக்கே வழி இருக்காது.

கடைசியாக, பாதியில் நின்றுபோகிறவர்கள். பஸ் செலவு, நடவு வேலை, பேரக்குழந்தை என்று காரணம் பல. வலி கூடியதால் வராதவரும் அதில் இருப்பார். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது தேறியவர்கள்தான். கைபேசி எண்ணோடு வீட்டில் இன்னொருவர் எண்ணையும் வாங்கி வை. வராதவரைக் கூப்பிட்டுப் பேசு, ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடு.

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் ஆய்வுத் திட்டத்தை எனக்கும் அனுப்பு. உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா