கல்லாவும் இரத்தக் குழாயும்



காலையில் கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தால் இரவுதான் எழுகிறோம். மூட்டை தூக்குபவர் வேறு. சரக்கு நிறுத்துக் கொடுப்பவர் வேறு. கல்லாவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று டாக்டர் ஜெரி மாரிஸ் 1953-லேயே எழுதினார்.

இதன் சூட்சுமம் குழாய்க்குள் இருக்கிறது. வேகமாக நடக்கும்போது இரத்தம் உரசி ஓடுவதால் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. அது குழாயை விரிக்கும். தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கும். (இதைக் கண்ட மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு.) வயது ஏற ஏற இது குறைகிறது.

இரத்தம் உறைவதிலும் பற்று வரவு உண்டு. ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் நூலாகத் திரிந்து கட்டியாகும். டி.பி.ஏ. என்பது கட்டியைக் கரைக்க வழி செய்யும். பி.ஏ.ஐ.-1 என்பது அந்த டி.பி.ஏ.யைத் தடுத்துவிடும். தொந்தி விழுந்தவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இந்தத் தடுப்பான் அதிகம். சங்கக் கூட்டத்தில் சுற்றிப் பார்த்தால் யார் யாரென்று தெரியும்!

அமெரிக்காவில் 60 முதல் 82 வயதுள்ள 13 ஆண்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்துச் சோதித்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பான் 58 சதவீதமும் ஃபைப்ரினோஜன் 13 சதவீதமும் குறைந்தன. இளைஞர்களிடம் இந்த மாற்றம் இல்லை. 'இந்த வயதில் நடந்து என்ன ஆகப்போகிறது' என்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆய்வு சிறியதுதான், பயிற்சியும் கடுமையானது. ஆனால் வெறும் நடைப் பயிற்சியே மூன்று மாதத்தில் முதியவர்களின் குழாய் விரியும் திறனை மீட்டதாக 2000-ல் இன்னொரு ஆய்வு வந்தது.

ஒரு எச்சரிக்கை. பழக்கமில்லாதவர் திடீரென்று ஓடினால் அந்த நேரத்தில் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை கூடும். பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்று கொண்டு வரலாம். மூச்சு வாங்க வேண்டும், பேச்சும் வர வேண்டும், அதுதான் அளவு. நெஞ்சுவலி கண்டவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நடக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நடக்க இடமேது என்பார்கள். சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்போரே பணம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் ஏழு ஆண்டில் 14 சதவீதத்திலிருந்து 59 சதவீதமானார்கள். நமக்கு ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. அதுவும் தூரமென்றால், ஜவுளிக் கடைகள் திறக்கும் முன் எம்.சி. ரோடு காலியாகத்தான் கிடக்கிறது.