ஹைப்பரும் ஹைப்போவும்

சென்ற றமழானுக்குச் சில நாட்களுக்கு முன்னர் உம்மம்மாவைச் சீனி வருத்தக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன். நோன்பு பிடித்தால் ஹைப்போ வரலாம், கவனமாக இருங்கள் என்று டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து, "உம்மம்மாவுக்குச் சீனி கூடலாமாம்" என்று உம்மாவிடம் சொன்னேன். என் காதில் விழுந்தது ஹைப்பர்.

ஆறாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு உம்மம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சுத் தடுமாறியது. "வெறும் தண்ணி மட்டும் குடுங்க உம்மா, இனிப்பு ஒண்டும் வேணாம்" என்று சொன்னது நான்தான். பக்கத்து வீட்டில் தாதியாக இருக்கும் மாமி ஓடி வந்து, விரலில் குத்திப் பார்த்தார். 52 என்று காட்டியது. உடனே சீனி கரைத்த தண்ணீரைப் பருக்கினார். சிறிது நேரத்தில் உம்மம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிரவுதான் இந்த இரண்டு முன்னொட்டுகளையும் தேடிப் படித்தேன்.

இரண்டும் கிரேக்க மொழிக்குரியவை. ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சி. ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைந்து. கிரேக்கத்தில் 'கிளைக்கிஸ்' என்பது இனிப்பு, 'ஹைமா' என்பது இரத்தம். ஆகவே ஹைப்பர்கிளைசீமியா என்பது இரத்தத்தில் சீனி கூடிய நிலை, ஹைப்போகிளைசீமியா என்பது குறைந்த நிலை. தைரொயிட் சுரப்பு கூடினாலும் குறைந்தாலும் இதே இரு முன்னொட்டுகள்தாம் வருகின்றன. உயர் இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லுக்கோ தலை கிரேக்கம், உடல் லத்தீன்.

ஹைப்போ எப்போதும் குறைவைக் காட்டுவதில்லை, இடத்தையும் காட்டும். மூளையில் தலமசுக்குக் கீழே இருப்பது ஹைப்போதலமஸ். தோலுக்குக் கீழே போடும் ஊசி ஹைப்போடெர்மிக். கணிதத்தில் நாம் செம்பக்கம் என்று படிப்பதன் ஆங்கிலப் பெயரும் ஹைப்போவில்தான் தொடங்குகிறது. செங்கோணத்தின் கீழ் நீட்டி இழுக்கப்பட்ட கோடு என்பது அதன் பொருள். ஆனால் ஹிப்போ என்று சுருக்கிச் சொல்லும் நீர்யானைக்கு இதனோடு உறவில்லை. அது 'ஹிப்போஸ்', அதாவது குதிரை என்ற சொல்லிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது வேறொன்று. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிரேக்க ஹைப்பருக்குச் சமஸ்கிருதத்தில் உறவான சொல் 'உபரி'. ஹைப்போவுக்கு உறவானது 'உப'. இரண்டும் தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. தேவைக்கு மேல் மிஞ்சுவதை உபரி என்கிறோம். அதிபருக்கு அடுத்த நிலையில் உள்ளவர் உப அதிபர். அந்நியச் சொல் என்று நான் பயந்த இரண்டின் சொந்தக்காரர்களும் நம் கல்லூரி அறிவித்தல் பலகையிலேயே இருந்திருக்கிறார்கள்!

அன்றிலிருந்து எனக்குக் குழப்பமில்லை. ஹைப்பர் என்றால் உபரி, கூடிவிட்டது. ஹைப்போ என்றால் உப, இறங்கிவிட்டது.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு 70இற்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போ. மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நோன்பாளியாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் பிடிக்க மார்க்கம் இடமளித்திருக்கிறது.

நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களோடு கிளினிக்குக்குப் போய் மொழிபெயர்ப்பவர்கள். தோழியரே, டொக்டர் சொன்ன சொல் சரியாக விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "கூடுமா, குறையுமா?" நான் அன்று கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.