கல்பு நொந்தால் உடலும் நோகும்

கம்பம், உத்தமபாளையம் பக்கத்து வீடுகளில் ஒரு பெண்மணி உறக்கமின்றி, நெஞ்சு படபடக்கிறது என்றால் முதலில் வாயு என்பார்கள். மருந்துக்கு அடங்காவிட்டால் ஜின் கோளாறு என்பார்கள். கவலை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை!

ஹிஜ்ரி 322-ல் வஃபாத்தான அபூ ஸைது அல்-பல்கீ (ரஹ்) அவர்கள் உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே கிதாபில் எழுதினார்கள். ஒன்று நோயுற்றால் மற்றதையும் அது தாக்கும் என்பது அவர்கள் கருத்து. துக்க வீட்டாருக்கு வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கொடுக்கச் சொன்னதும் புகாரி ஷரீபில் உள்ளது.

கவலை நீடித்தால் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகும், தூக்கம் கெடும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். தைராய்டு குறைந்தாலோ இரத்தம் குறைந்தாலோ மனம் வாடுவதும் உண்டு. ஆகவே தாயத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை நல்லது.

6-8-2001 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்களா? பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தாம்! சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது.

துஆ ஓதுங்கள், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். 14416-க்குத் தொலைபேசியில் பேசினாலும் ஆலோசனை இலவசம்.

மனநோய்க்கு லித்தியம் மாத்திரை உண்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகலாம். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது.