செடியா, ஆலையா, குதிரையா?



ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதனைத் தமிழில் எழுதுமாறு கூறினோம். தொழிலாளர்கள் காலை ஏழு மணிக்குப் 'பிளாண்ட்'டினுள் நுழைந்தனர் என்பது அவ்வாக்கியம். மாணவன் ஒருவன், "தொழிலாளர்கள் காலை ஏழு மணிக்குச் செடிக்குள் நுழைந்தனர்" என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, குற்றம் அம்மாணவனுடையது அன்று என்பது புலனாயிற்று. பிளாண்ட் என்றால் செடி என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே. அச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு என்பதைக் கற்பிக்கத் தவறியவர்களும் நாமே. அக்குறையை இக்கட்டுரையில் நிறைவு செய்வோம்.

சொல் வளர்ந்த வரலாறு

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'பிளாந்தா' என்னும் இலத்தீன் சொல், நடுவதற்குரிய இளங்கிளையைக் குறித்தது. உள்ளங்காலைக் குறிக்கவும் அதே வடிவம் வழங்கியது. நாற்றை ஊன்றியபின் மண்ணை உள்ளங்காலால் மிதித்து இறுக்கும் வழக்கத்தால் இவ்விரு பொருளும் தொடர்புற்றிருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

ஓரிடத்தில் ஊன்றுதல் என்பதே இதன் அடிப்படைக் கருத்து என்று கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மண்ணில் ஊன்றப்படுவது செடி. இங்கிலாந்தில் இயந்திரத் தொழில் பெருகிய 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொழிலுக்காக ஓரிடத்தில் நிலையாக நிறுவப்பட்ட இயந்திரத் தளவாடங்களையும் அப்பெயரால் அழைக்கலாயினர். பின்னர், அவ்வியந்திரங்கள் அமைந்த ஆலையும் அப்பெயர் பெற்றது. இன்றோ, கட்டுமான இடங்களில் ஓடித் திரியும் புல்டோசரும் கிரேனும்கூட பிளாண்ட் என்றே வழங்கப்படுகின்றன. ஊன்றி நின்ற சொல், சக்கரம் பூட்டிக்கொண்டு ஓடவும் தொடங்கிவிட்டது!

நம் நாட்டு வரலாற்றிலேயே இச்சொல்லின் குடும்பத்தைக் காணலாம். 1877ஆம் ஆண்டில் 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த நாற்று பிளாண்ட். பிற்காலத்தில் எழுந்த பெருந்தோட்டம் பிளாண்டேஷன். நம் முன்னோர் 'துரை' என்று அழைத்த தோட்ட முதலாளி பிளாண்டர். மரப்பாலை உறைய வைத்துத் தகடாக்கிய ஆலையும் பிளாண்ட். ஒரு தோட்டத்திற்குள்ளேயே ஒரு சொல் எத்தனை வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

நம் தேசிய மொழியில் இக்குழப்பம் இல்லை. செடிகொடிகள் 'தும்புஹான்' எனப்படும். நீரைச் சுத்திகரிக்கும் நிலையமோ 'லோஜி' எனப்படும்.

குதிரையும் பிளாண்ட் ஆன கதை

ஒரு சொல்லின் பொருள் தேர்வுத்தாளில் இரண்டு புள்ளிகளை மட்டுமே பாதிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஏழைத் தொழிலாளியின் நியாயம் இந்தச் சொல்லைப் பற்றி நின்ற காலமும் உண்டு.

இங்கிலாந்தில் யார்மத் என்பவர் வண்டியோட்டியாக வேலை செய்து வந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட குதிரை முரட்டுக் குதிரை. அதனை ஓட்டுவது ஆபத்து என்று அவர் மேற்பார்வையாளரிடம் பலமுறை முறையிட்டார். தொடர்ந்து ஓட்டுமாறே அவருக்குக் கூறப்பட்டது. ஒருநாள் அக்குதிரை உதைத்து அவருடைய கால் முறிந்தது. அவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்.

1880ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, முதலாளியின் இயந்திரத்திலோ பிளாண்ட்டிலோ உள்ள குறைபாட்டால் தொழிலாளி காயமுற்றால் இழப்பீடு கோர இடமளித்தது. குதிரை இயந்திரம் அன்று. அப்படியாயின் அது பிளாண்ட் ஆகுமா? இக்கேள்வி 1887ஆம் ஆண்டில் மேல்நிலை நீதிபதிகள் முன் வந்தது. நீதிபதி லிண்ட்லி அதற்கு ஒரு விளக்கம் தந்தார். விற்பனைச் சரக்கு அல்லாமல், தொழிலில் நிலையாகப் பயன்படுத்துவதற்கென்று ஒருவர் வைத்திருக்கும் பொருள் எதுவாயினும் அது பிளாண்ட் ஆகும். அது அசையலாம், அசையாதிருக்கலாம். உயிருள்ளதாகவும் இருக்கலாம், உயிரற்றதாகவும் இருக்கலாம். ஆகவே வண்டிக் குதிரையும் பிளாண்ட்டே! அதன் முரட்டுக் குணமும் தளவாடத்தின் குறைபாடே! வழக்கை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சொல்லின் பொருள் விரிந்ததனால், அடைக்கப்பட இருந்த கதவு ஒரு தொழிலாளிக்குத் திறந்தது.

அந்த விளக்கத்தின் வழியில் பின்னர் வேறு பல பொருள்களும் இப்பெயர் பெற்றன. கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறை 1969ஆம் ஆண்டிலும், வழக்கறிஞர் ஒருவரின் சட்டநூல்கள் 1977ஆம் ஆண்டிலும் பிளாண்ட் என்றே தீர்ப்பாயின.

தொல்காப்பியர் காட்டும் வழி

இவ்வாறு பொருள் பெருகினால் எப்பொருள் எவ்விடத்தில் வரும் என்று எங்ஙனம் அறிவது? இதற்கு விடை தேடி நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், 'பலபொருள் ஒருசொல்' என்று இதற்குப் பெயரிட்டு, பொருளைத் தெளிய மூன்று வழிகளைத் தொல்காப்பியர் கூறியுள்ளார். வினை, இனம், சார்பு என்பன அவை.

'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'மா பூத்தது' என்றால் மாமரம். 'மா ஓடியது' என்றால் குதிரை போன்ற விலங்கு. இங்கே வினை பொருளைக் காட்டுகிறது. 'மாவும் பலாவும் நட்டார்கள்' என்றால், உடன் நிற்கும் இனம் காட்டுகிறது. போருக்குப் புறப்படும் வீரன் 'மா கொண்டு வருக' என்றால் குதிரை. அடுப்படியில் தாயார் கேட்டால் அரிசி மா. இஃது இடமும் ஆளும் பற்றிய சார்பு.

இம்மூன்று திறவுகோல்களையும் கொண்டு பிளாண்ட்டைத் திறந்து பார்ப்போம்.

1. பிளாண்ட் வாடியது. வாடுதல் என்னும் வினையால் செடி என்று அறிகிறோம்.

2. லாரிகளும் கருவிகளும் பிளாண்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். இனத்தால் இயந்திரத் தளவாடம் என்று அறிகிறோம்.

3. கனரகப் பிளாண்ட் கடக்கும் இடம் என்று சாலைப்பணி நடக்குமிடத்தில் பலகை நிற்கிறது. சார்பினால் பெரிய இயந்திரங்கள் என்று அறிகிறோம். பெரிய செடி என்று கருதி ஒருவர் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து!

4. பிறர் பையில் திருட்டுப் பொருளைப் பிளாண்ட் செய்தான். வினையும் சார்பும் சேர்ந்து, பழி சுமத்துவதற்காக மறைத்து வைத்தான் என்று அறிவிக்கின்றன.

தமிழில் சொல் இல்லையா?

இவ்வளவையும் கேட்ட ஒரு மாணவி, "ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும், தமிழில் இத்தனை சொற்களைத் தேட வேண்டியிருக்கிறதே" என்று வருந்தினாள். வருந்த வேண்டியதில்லை. செடி, ஆலை, நிலையம், தளவாடம் என்று தனித்தனியே சொற்கள் இருப்பது தமிழின் வறுமை அன்று; வளமே ஆகும்.

ஒரு சொல்லால் பலவற்றைக் குறிக்கும் ஆற்றலும் நம் மொழிக்கு உண்டு. 'பொறி' என்பதைப் பாருங்கள். இயந்திரம் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி, நெருப்பிலிருந்து தெறிப்பதும் பொறி, கண், காது முதலிய ஐந்தும் பொறி, சோழர் கொடியில் இருந்த புலிச் சின்னமும் பொறி. இயந்திரங்களைக் கற்றவரைப் பொறியாளர் என்று அழைக்கிறோம். வல்லின றகரத்தை மறந்து 'பொரி' என்று எழுதினால், பொறியாளர் பொரி விற்பவர் ஆகிவிடுவார்!

எனவே மாணவர்களே, அகராதியைத் திறந்தவுடன் முதலில் காணும் பொருளை எழுதிவிடாதீர்கள். வாக்கியம் முழுவதையும் படியுங்கள். வினை யாது, இனம் யாது, சார்பு யாது என்று கேளுங்கள். அதன்பின் எழுதுங்கள். அன்று செடிக்குள் நுழைந்த தொழிலாளர்கள், இனி ஆலைக்குள்ளேயே நுழைவார்கள்.

பயிற்சி

1. பின்வரும் வாக்கியங்களில் பிளாண்ட் என்னும் சொல்லுக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லை எழுதுக.
அ) பிளாண்ட் பழுதடைந்ததால் ஊரில் குடிநீர் தடைப்பட்டது.
ஆ) அக்காள் பிளாண்ட்டுக்கு எரு இட்டாள்.
இ) புதிய பிளாண்ட்டை ஓட்டுவதற்கு உரிமம் பெற்றவர் தேவை.

2. குதிரை வாங்கி விற்கும் வணிகர் ஒருவரின் கொட்டிலில், விற்பதற்காக நிற்கும் குதிரையை நீதிபதி லிண்ட்லியின் விளக்கப்படி பிளாண்ட் எனலாமா? காரணம் கூறுக.

3. 'படி', 'திங்கள்', 'மாலை' ஆகிய சொற்களை வெவ்வேறு பொருள் தோன்றுமாறு வாக்கியங்களில் அமைத்துக் காட்டுக.