தாமே கோக்கும் கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேசைக் கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே கோப்பவர்களிடையே பரவலாக இருப்பதும் மிகுந்த இழப்பை விளைவிப்பதுமான நம்பிக்கை, கேபிள் தடையின்றிப் பொருந்திவிட்டால் இணைப்பும் சரியாகத்தான் இருக்கும் என்பதாகும். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் பொதுத்தர வரையறை, மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் அதில் மாட்டும் மின்செருகிகளின் வடிவத்தையும் ஒழுங்குபடுத்தியதால் இந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால், வேண்டிய கேபிள்களை மட்டும் மாட்டிக்கொள்ள இடம்தரும் 'மாடுலர்' வகை எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கிப் பெட்டியில், பெட்டியின் பக்கம் உள்ள முனைக்கு அத்தகைய பொதுத்தரம் கிடையாது. எந்த ஊசியில் எந்த மின்னழுத்தம் வரும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும், சில வேளை ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு வரிசையும், தன் போக்கில் வகுத்துக்கொள்கிறது. பழுதான பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவைத்தால், 5 வோல்ட் வரவேண்டிய ஊசியில் 12 வோல்ட் பாய்ந்து, சுவிட்சைப் போட்ட நொடியிலேயே வன்தட்டு கருகிவிடக்கூடும். தட்டை மீண்டும் வாங்கிவிடலாம். அதில் மட்டுமே இருந்த படங்களையும் ஆவணங்களையும் மீட்பது பெரும்பாடு.

செருகி முழுமையாக உள்ளே போகாததும் இதே அளவுக்கு ஆபத்தானது. 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டுகளில், 600 வாட் வரை கடத்தும் புதிய மின்செருகி உருகிய செய்திகள் வெளிவந்தபோது, அது சரிவர அழுத்தப்படாததே பொதுவான காரணம் என்று என்விடியா விளக்கியது. எனினும், அரைகுறையாகச் செருகினால் மின்சாரம் செல்லாதபடி, செருகி பதிந்துள்ளதா என்பதை உணர்த்தும் ஊசிகள் பின்னர் குட்டையாக்கப்பட்டதைப் பார்க்கும்போது, பழி முழுவதையும் பயனாளரின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

முதல் முறை மின்சாரம் கொடுத்தும் திரை இருண்டே கிடந்தால் பிராசசர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. டி.டி.ஆர்.5 நினைவகம் கொண்ட கணினிகள், பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான சைகை நேரத்தை அளந்து சரிசெய்யும் 'மெமரி டிரெய்னிங்' என்னும் பணியை முதல் தொடக்கத்தில் செய்கின்றன. இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதால், பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்துபவர் அப்பணியை மறுபடி தொடக்கத்திலிருந்து நடத்தவைக்கிறார். காத்திருந்தும் படம் வரவில்லையென்றால், ரேமின் ஒரு முனை மட்டும் பதியாதிருப்பதோ, மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டுக்குப் பதிலாக மதர்போர்டில் மாட்டியிருப்பதோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிராசசர்தான் மிக மென்மையான உறுப்பு என்ற எண்ணம், ஊசிகள் அதன் அடியில் இருந்த காலத்தின் எச்சம். இன்டெல் 2004இலும் ஏ.எம்.டி. தன் வழக்கமான மேசைக் கணினிப் பிராசசர்களில் 2022இலும் ஊசிகளை மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டன. மிக மெல்லிய அந்த ஊசிகளின் மேல் பிராசசரின் ஒரு மூலை வழுக்கி விழுந்தாலே சில வளைந்துவிடும். வளைந்த ஊசிக்கு வாரண்டி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே, முதல் முறை கோப்பவர் தம் கவனத்தின் பெரும்பகுதியை இந்த ஓரிடத்துக்கு ஒதுக்குவது தகும்.

தெர்மல் பேஸ்ட்டின் அளவு பற்றிய அச்சம் இதனோடு ஒப்பிட மிகச் சிறியது. பசை சற்றுக் கூடினால் பெரும்பாலும் ஓரத்தில் பிதுங்குவதோடு சரி. கூலரின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதே உண்மையில் வெப்பத்தை ஏற்றுகிறது. அப்போதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்து, வேண்டுமானால் அணைந்தும் தன்னைக் காத்துக்கொள்வதால், தாளை உரித்துப் புதிதாகப் பசையிட்டால் போதும்.