நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லையா?

பிராக்டிகல் வகுப்பில் ஏ, பி, சி என்று சீட்டு ஒட்டிய கரைசல்களைக் கொடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். விடைகள் தவறுவது பெரும்பாலும் கைப்பிழையால் அல்ல, சீனியர்களிடமிருந்து வழிவழியாக வந்து சேரும் சில நம்பிக்கைகளால்தான்.

நம்பிக்கை: பெனடிக்ட் கரைசல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை.

உண்மை: டீக்குப் போடும் சீனியைத் தண்ணீரில் கரைத்து, பெனடிக்ட் சேர்த்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நீலம் அசையாது. வாயில் போட்டால் தித்திக்கிற சீனி குழாய்க்குள் போனதும் ஊமையாகிவிடுகிறது! காரணம், பெனடிக்ட் பிடிப்பது, தன்னிலுள்ள தாமிரத்தை ஒடுக்கும் சர்க்கரைகளை மட்டுமே. குளுக்கோஸ் அந்த வகை. சீனி என்கிற சுக்ரோஸிலோ குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், தாமிரத்தை ஒடுக்க வேண்டிய முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்தால் பிடி விடும். பிறகு நுரை அடங்கும்வரை ஆப்பசோடா சேர்த்து அமிலத்தைப் போக்க வேண்டும். பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும். ஆப்பசோடாவை மறந்துவிட்டு ‘சார், வரலை’ என்று நிற்பவர்கள் உண்டு. சோடா போட்டவருக்குச் செங்கல் நிறம் வரும்.

நம்பிக்கை: பச்சை வந்தால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

உண்மை: பச்சை என்றால் ‘கொஞ்சம் இருக்கிறது’. அளவு கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்டின் பெயர் தாங்கிய இந்தக் கரைசலில் சிறுநீரைக் கொதிக்கவைத்து, நிறத்தைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளியின் சர்க்கரையைக் கணித்தார்கள்.

நம்பிக்கை: ஸ்டார்ச்சில் அயோடின் விட்டால் எப்போதும் கருநீலம் வரும்.

உண்மை: கொதிக்கக் கொதிக்க இருக்கும் சோற்றுக் கஞ்சியில் விட்டால் வராது. அதே சோதனைக்குழாயைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஆற ஆற நீலம் எழும்பும். சுருள்போல் வளைந்த அமைலோஸுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால்தான் அந்த நிறம். சூட்டில் அது அங்கே தங்குவதில்லை.

நம்பிக்கை: பையூரெட் கரைசலில் பையூரெட் இருக்கிறது.

உண்மை: இல்லை. இருப்பது காப்பர் சல்ஃபேட்டும் காரமும்தான். யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் பையூரெட் என்ற பொருளும் புரதத்தைப் போலவே இந்தக் கரைசலில் ஊதா நிறம் தருவதால் வந்த பெயர் அது. புரதத்தின் பெப்டைடு பிணைப்புகள்தான் இந்த நிறத்துக்குக் காரணம். தனி அமினோ அமிலம் பொதுவாக ஊதா காட்டாது. காப்பர் சல்ஃபேட்டைத் தாராளமாக ஊற்றினால் அதன் நீலமே ஊதாவை மூடிவிடும். சொட்டுச் சொட்டாக விடுங்கள்; பக்கத்தில் வெறும் தண்ணீரில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள்.

ரெக்கார்டு நோட்டில் ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஒடுக்கும் சர்க்கரை தென்படவில்லை’ என்று எழுதுங்கள்.